சுகாதார ஆய்வில் அகதிகளும் புலம்பெயர்ந்தோரும் கூட்டாளிகளாக இணைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுகாதார ஆய்வு நடத்துவோரும், அத்தகைய ஆய்வுகளுக்கு அழைக்கப்படும் அகதிகள், புகலிடம் கோருவோர், புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் ஆகியோரும் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கப்பட்டுள்ளது. எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எதை ஆராய்வது என்று முடிவெடுக்கும்போது ஒரு சமூகத்தின் குரல் கேட்கப்படவில்லை என்றால், அதன் பிறகு எத்தனை கூட்டங்களுக்கு அழைத்தாலும் அந்தச் சமூகத்தினர் ஆய்வின் கூட்டாளிகள் ஆகமாட்டார்கள்.

ஆய்வில் பங்கேற்பவருக்கும் ஆய்வுக் கூட்டாளிக்கும் என்ன வேறுபாடு?

பங்கேற்பவர் இரத்த மாதிரி தருகிறார், வினாப்பட்டியலுக்குப் பதில் சொல்கிறார், நேர்காணலுக்கு உட்காருகிறார். கூட்டாளி என்பவர் எதை ஆராய வேண்டும், யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும், கிடைத்த விடைகளை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும், முடிவுகளை யாரிடம் கொண்டுசேர்க்க வேண்டும் என்பவற்றை ஆய்வாளரோடு சேர்ந்து தீர்மானிக்கிறார். ஒரே நபர் இரண்டு நிலைகளிலும் இருக்கலாம். ஆனால் எந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறார் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969ஆம் ஆண்டில் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். அடிப்படியில் மக்களைத் தமக்கு வேண்டியபடி வளைப்பதும், இடைப்படிகளில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும், உச்சிப்படியில் முடிவெடுக்கும் அதிகாரத்தை மக்களிடமே விடுவதும் இருந்தன. இன்று கூட்டாண்மை என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதி இடைப்படிகளிலேயே நின்றுவிடுகிறது என்பது எங்கள் கணிப்பு. கருத்துக் கேட்பதில் தவறில்லை. கருத்துக் கேட்டதையே கூட்டாண்மை என்று அறிக்கையில் எழுதுவதுதான் தவறு.

அகதிகளையும் புலம்பெயர்ந்தோரையும் ஒரே பிரிவாகக் கருதலாமா?

கருதக் கூடாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையும் அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையும் அகதி என்பவருக்குச் சட்டப்படியான வரையறையை அளிக்கின்றன. புலம்பெயர்ந்தவர் என்பதற்கு அப்படி உலகளவில் ஏற்கப்பட்ட ஒரே சட்ட வரையறை கிடையாது. ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீட்டின்படி 2024இல் உலகில் ஏறத்தாழ 30.4 கோடிப் பேர் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்தார்கள். போரினாலும் ஒடுக்குமுறையினாலும் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்தோர் அந்த ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 12.3 கோடிப் பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சொந்த நாட்டு எல்லைக்குள்ளேயே இருப்பவர்கள்.

ஆய்வைப் பொறுத்தவரை, சட்ட நிலை ஒருவரது அன்றாடத்தை முழுமையாக மாற்றிவிடுகிறது. புகலிட விண்ணப்பம் நிலுவையில் உள்ளவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லாமல் இருக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலை உண்டு, ஆனால் விசா முதலாளியின் கையில் இருக்கும். குடியுரிமை பெற்று இருபது ஆண்டுகள் ஆனவருக்கு இந்த இரண்டு கவலைகளும் இல்லை. மூவரும் ஒரே மொழி பேசினாலும் ஒருவருக்காக இன்னொருவர் பேசிவிட முடியாது.

ஆய்வாளருக்குப் பயிற்சி இருக்கிறது. சமூகத்தினர் எதற்கு?

இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது உரிமை சார்ந்தது. தம் உடலையும் தம் குடும்பத்தையும் பற்றிய முடிவுகளுக்கு அடிப்படையாகப் போகும் அறிவை உருவாக்குவதில் பங்கு கேட்பது நியாயமான கோரிக்கை. 1932 முதல் 1972 வரை அமெரிக்காவின் டஸ்கீகியில் கறுப்பின ஆண்களுக்கு மேகநோய் (சிபிலிஸ்) இருப்பதை அறிந்தும் சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டிருந்த ஆய்வு, பயிற்சி பெற்றவர்களால், அரசு நிதியில் நடத்தப்பட்டதுதான். மனிதர்களை உட்படுத்தும் மருத்துவ ஆய்வுக்கான அறநெறிகளைக் கூறும், உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சின்கி பிரகடனம் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் திருத்தப்பட்டபோது, ஆய்வுக்கு முன்பும், நடக்கும்போதும், முடிந்த பின்பும் பங்கேற்பாளர்களையும் அவர்களது சமூகங்களையும் பொருள்பட ஈடுபடுத்த வேண்டும் என்ற கருத்து அதில் இடம்பெற்றது.

இரண்டாவது காரணம் ஆய்வின் தரம். உணவுப் பழக்கம் பற்றிய வழக்கமான ஒரு வினாப்பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் வீட்டில் காய்கறி சமைக்கிறீர்கள் என்று அது கேட்கும். சமையலறையே இல்லாத தற்காலிக விடுதியில், வேளைக்கு வரும் பொதியுணவை உண்டு வாழ்பவர் அதற்கு ‘பூஜ்யம்’ என்று பதில் எழுதுவார்; தரவுத்தாளில் அவர் உடல்நலத்தில் அக்கறையற்றவராகப் பதிவாவார். அடுத்த வரியில் குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டிருக்கும். மனைவி ஓர் எல்லையிலும், மூத்த மகன் வேறொரு நாட்டிலும், பெற்றோர் ஊரிலுமாக இருப்பவர் அந்தக் கட்டத்தில் என்ன எண்ணை எழுதுவார்? இப்படிப்பட்ட கேள்வியை அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர் படித்த உடனேயே பிடித்துவிடுவார். பயிற்சி பெற்ற ஆய்வாளர் பல மாதங்கள் கழித்து, எண்கள் பொருந்தாதபோதுதான் கண்டுபிடிப்பார்.

எந்தக் கட்டத்தில் அழைக்க வேண்டும்?

நிதி விண்ணப்பம் எழுதத் தொடங்குவதற்கு முன்பு. நிதி கிடைத்த பிறகு அழைத்தால், கேள்வி, முறை, கால அட்டவணை, வரவுசெலவு எல்லாமே முடிவாகியிருக்கும். சமூகத்தினர் செய்யக்கூடியது துண்டறிக்கையின் சொற்களைத் திருத்துவதுதான். நிதி வழங்கும் அமைப்புகள் பல இந்த முன்பணிக்குப் பணம் தருவதில்லை என்பது உண்மையான தடை. சில அமைப்புகள் கூட்டாண்மையை உருவாக்கவென்றே சிறு நிதி ஒதுக்குகின்றன. அதைத் தேடிப் பெற முயல வேண்டும். கிடைக்காவிட்டால், விண்ணப்ப நிலையில் குறைந்தது இரண்டு மூன்று பேரோடாவது விரிவாகப் பேசி, கேள்வியை அவர்கள் மாற்றினால் மாற்றத் தயாராக இருக்க வேண்டும். ஆய்வாளர் காசநோயைப் பற்றிப் பேச வந்திருப்பார். மக்கள் பல்வலியையும் தூக்கமின்மையையும் பற்றிப் பேசுவார்கள். அந்த வேறுபாடே ஒரு கண்டுபிடிப்பு.

யாரை அழைப்பது? சமூகத் தலைவர் ஒருவர் போதாதா?

சங்கத் தலைவர், வழிபாட்டிட நிர்வாகி, ஆங்கிலம் சரளமாகப் பேசும் பட்டதாரி ஆகியோர் எளிதாகக் கிடைப்பார்கள், பல கூட்டங்களுக்கு வந்து பழகியவர்கள், சமூகத்தின் கதவைத் திறந்துவிடக் கூடியவர்கள். அவர்களது உதவி தேவை. ஆனால் கதவைத் திறப்பவரே கதவை மூடவும் கூடும். எந்தச் சமூகத்திலும் சாதி, இனக்குழு, மதப்பிரிவு, அரசியல் சார்பு, பாலினம், வந்து சேர்ந்த ஆண்டு என்று உட்பிரிவுகள் உண்டு. ஊரில் எதிரெதிர் அணிகளில் நின்றவர்கள் இங்கே ஒரே மண்டபத்தில் அமர நேரிடும். வீட்டு வேலை செய்யும் பெண், இரவுப் பணிக்குப் போகும் இளைஞர், எழுதப் படிக்கத் தெரியாத முதியவர், தன்பாலின ஈர்ப்பை வெளியே சொல்லாத ஒருவர் ஆகியோரின் உடல்நலத் தேவைகள் தலைவருக்குத் தெரியாமலே இருக்கலாம். அவர்கள் தலைவர் முன்னிலையில் பேசத் தயங்கவும் கூடும். எனவே பல வழிகளில் அழைத்து, தேவைப்பட்டால் தனித்தனிக் குழுக்களாகச் சந்திப்பதே முறை.

ஒருவரை மட்டும் குழுவில் சேர்த்து, அவரையே அகதிகளின் குரல் என்று அறிமுகப்படுத்துவது அவருக்கும் சுமை, சமூகத்திற்கும் அநீதி. குறைந்தது இருவர் இருந்தால் ஒருவர் தயங்கும்போது மற்றவர் பேசுவார்.

முதல் சந்திப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

வாசலில் உள்ள மேசையைக் கவனியுங்கள். பெரும்பாலான கூட்டங்களில் அங்கே ஒரு வருகைப் பதிவேடு இருக்கும்: பெயர், முகவரி, தொலைபேசி எண், கையொப்பம். அமைப்பாளருக்கு அது வழக்கமான தாள். புகலிட விசாரணைக்காகக் காத்திருப்பவருக்கு அது, தாம் யாருடன் எங்கே இருந்தோம் என்பதற்குத் தம் கையாலேயே எழுதித் தரும் சாட்சியம். உள்ளே வந்தவர் பேனாவை எடுத்து, முதல் இரண்டு பெயர்களைப் படித்துவிட்டு, கைப்பேசியில் அழைப்பு வந்ததுபோல் வெளியே போய்விடுவதைக் கண்டிருக்கிறோம். நிதிக் கணக்குக்கு எண்ணிக்கைதான் தேவை என்றால் எண்ணிக்கையை மட்டும் எடுங்கள். பெயர் கட்டாயம் தேவை என்றால், யார் அதைப் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்று சொல்லிவிட்டுத் தனித்தனியாக வாங்குங்கள்.

மற்றவை நடைமுறை விஷயங்கள். அரசு அலுவலகம், காவல் நிலையம் ஆகியவற்றுக்கு அருகில் இடம் வேண்டாம். வேலை நேரத்தை விசாரித்து நாளைக் குறியுங்கள். குழந்தைகளை அழைத்துவரலாம் என்று அழைப்பிலேயே சொல்லுங்கள். புகைப்படம் எடுக்க வேண்டாம்.

மொழி தடையாக இருந்தால் என்ன செய்வது?

மொழிபெயர்ப்பாளருக்கான செலவைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும். கூட்டத்தின் நேரத்தையும் ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கணக்கிட வேண்டும். பிள்ளைகளைப் பெற்றோருக்காக மொழிபெயர்க்க வைப்பதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அதே சிறு சமூகத்தைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் வந்தால், பேசியது வெளியே கசியுமோ என்ற அச்சம் எழலாம் என்பதால், யார் வேண்டும் என்பதைக் கூட்டாளிகளிடமே கேளுங்கள். வினாப்பட்டியலை மொழிபெயர்த்து, மீண்டும் மூலமொழிக்கு மாற்றி ஒப்பிடுவது வழக்கமான சரிபார்ப்பு. அதோடு நிற்காமல், சிலரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் படித்து என்ன புரிந்துகொண்டார்கள் என்று அவர்கள் வாயால் சொல்லச் சொன்னால்தான் சிக்கல்கள் வெளிப்படும்.

கூட்டாளிகளுக்குப் பணம் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டும். மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் அனைவரும் சம்பளம் பெற, ஒருவர் மட்டும் சமூக சேவையாக வந்திருந்தால் அது கூட்டாண்மை ஆகாது. தொகை எவ்வளவு, எப்போது, எந்த வடிவில் கிடைக்கும் என்பதை முதல் நாளிலேயே எழுத்தில் தர வேண்டும்.

ஆனால் இதில் கவனமாகச் செல்ல வேண்டும். பல நாடுகளில் புகலிடம் கோருவோருக்கு வேலை செய்யும் உரிமை மறுக்கப்பட்டோ காலவரையறைக்கு உட்பட்டோ இருக்கிறது; நல்லெண்ணத்தோடு தரும் மதிப்பூதியம் ஊதியமாகக் கருதப்பட்டால் அவரது வழக்குக்கே பாதகம் வரலாம், அரசு தரும் உதவித்தொகையும் குறைக்கப்படலாம். எனவே பணம் தருவதற்கு முன் அந்நாட்டுக் குடிவரவுச் சட்டம் அறிந்த ஒருவரிடம் ஆலோசனை பெறுவது ஆய்வாளரின் கடமை. அதைக் கூட்டாளியின் தலையில் கட்டக் கூடாது. பரிசுக் கூப்பன், தொலைபேசிக் கட்டணம், படிப்புக்கான கட்டணம் போன்ற மாற்று வழிகளையும் அதே முறையில் சரிபார்க்க வேண்டும்.

பயணச் செலவை முன்கூட்டியே கொடுங்கள். வாரத்திற்குக் கிடைக்கும் சிறு தொகையில் வாழ்பவரிடம், இப்போது பேருந்துக்கு நீங்களே கொடுத்துவிடுங்கள், பயணச்சீட்டை இணைத்து அனுப்பினால் ஆறு வாரத்தில் வங்கிக் கணக்கில் வந்துவிடும் என்று சொல்வது, வர வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். பலருக்கு வங்கிக் கணக்கே இருக்காது.

எங்கள் விவரங்கள் அரசுக்குப் போய்விடும் என்று மக்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதா?

நியாயமானது. பிரித்தானியாவில் நோயாளிகளின் முகவரி போன்ற விவரங்களைக் குடிவரவுத் துறையோடு பகிர்வதற்கான புரிந்துணர்வு உடன்பாடு 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மருத்துவர்களும் உரிமை அமைப்புகளும் நாடாளுமன்றக் குழுவும் கடுமையாக எதிர்த்த பிறகு, 2018இல் முதலில் நிறுத்திவைக்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. பங்களாதேஷில் ரோஹிங்கியா அகதிகளிடம் திரட்டிய விவரங்கள் அவர்கள் தப்பிவந்த மியன்மார் அரசிடமே பகிரப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2021 ஜூனில் குற்றம்சாட்டியது, ஐ.நா. அகதிகள் முகமை, ஒப்புதல் பெற்றே சேகரித்ததாக விளக்கம் அளித்தது. இத்தகைய செய்திகள் அகதிகளிடையே வேகமாகப் பரவுகின்றன. ஆய்வாளர் இவற்றை அறியாமல் வந்து, முழு இரகசியம் காக்கப்படும் என்று பொதுவாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

நம்பிக்கை வேண்டுமென்றால், முதலில் தேவையற்றதைச் சேகரிக்காமல் இருக்க வேண்டும். சட்ட நிலை பற்றிய கேள்வி ஆய்வுக்கு உண்மையிலேயே தேவையா என்பதைக் கூட்டாளிகளோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்; தேவையில்லை என்றால் கேட்காதீர்கள். கேட்டால், பெயரோடு இணையாதபடி பதியுங்கள். கையொப்பமிட்ட ஒப்புதல் படிவமே ஆபத்து என்றால் வாய்மொழி ஒப்புதலுக்கு, ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலித்து அனுமதி தரும் அறநெறிக் குழுவின் அனுமதியைக் கேளுங்கள். பெயரை நீக்கினாலும், ஒரு சிறு நகரில், குறிப்பிட்ட ஒரு நாட்டிலிருந்து வந்த, குறிப்பிட்ட வயதுடைய, ஐந்து பிள்ளைகளின் தாய் என்று எழுதினால் அது யார் என்று அங்குள்ளவர்களுக்குத் தெரிந்துவிடும். அத்தகைய அடையாளங்களைக் கண்டறிவதில் சமூகக் கூட்டாளிகளுக்கு நிகர் வேறெவரும் இல்லை. நீதிமன்ற ஆணை போன்ற, இரகசியம் காக்க இயலாத சூழல்கள் இருந்தால் அவற்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்: ஆய்வில் சேர்வதால் புகலிட வழக்குக்கு நன்மையும் இல்லை, மறுப்பதால் தீமையும் இல்லை. இதை ஒருமுறை சொன்னால் போதாது, ஒவ்வொரு கட்டத்திலும் சொல்ல வேண்டும்.

கொடுந்துயரை அனுபவித்தவர்களை இதில் ஈடுபடுத்துவது அவர்களை மேலும் காயப்படுத்தாதா?

காயப்படுத்தலாம். அதனால்தான் கூட்டாளியிடம் அவரது கதையைக் கேட்காதீர்கள் என்கிறோம். போரையோ சிறையையோ கடற்பயணத்தையோ விவரித்தால்தான் அவருக்கு மேசையில் இடம் என்ற எண்ணம் வரவே கூடாது. அவர் வந்திருப்பது ஆய்வை வடிவமைக்க. அதே நேரத்தில், துயரத்தைக் காரணம் காட்டி அவர்களை ஒதுக்கிவைப்பதும் பாதுகாப்பு ஆகாது. அறநெறிக் குழுக்கள் சில, பாதிப்புக்கு எளிதில் உள்ளாகக் கூடியவர்கள் என்ற ஒரே சொல்லில் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவதுண்டு. எந்தச் சூழலில், எதனால் பாதிப்பு, அதைக் குறைக்க என்ன ஏற்பாடு என்று பிரித்து எழுதி, கூட்டாளிகளின் கருத்தையும் இணைத்தால் பெரும்பாலும் வழி பிறக்கும். இடையில் எழுந்து போகவும், ஒரு கூட்டத்திற்கு வராமலிருக்கவும், விளக்கம் சொல்லாமல் விலகவும் உரிமை இருக்க வேண்டும். பேசிய பிறகு மனம் கலங்கினால் யாரை அணுகலாம் என்பதும் முன்னரே ஏற்பாடாகியிருக்க வேண்டும்.

இப்படிச் செய்தால் அறிவியல் தரம் குறையாதா?

குறைய வேண்டிய கட்டாயமில்லை. உகாண்டாவின் ரைனோ முகாம் குடியிருப்பில் தென் சூடான் அகதிப் பெண்களிடையே, மன அழுத்தத்தைச் சமாளிப்பதற்கான ஒலிவழிப் பாடங்களை, மனநல நிபுணர் அல்லாத, குறுகிய பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு குழுவாக நடத்திப் பார்த்தார்கள். கிராமங்களைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து நடத்திய அந்தச் சோதனையின் முடிவு 2020இல் வெளியானது. பாடங்களில் கலந்துகொண்ட பெண்களின் மன உளைச்சல் மூன்று மாதங்களுக்குப் பின் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. கடுமையான முறையியலும் சமூகத்துக்கு நெருக்கமான செயல்முறையும் ஒன்றாக நடக்க முடியும். சமூகத்தினர் என்ன செய்தார்கள், எதை மாற்றினார்கள், எது பலனளிக்கவில்லை என்பதைக் கட்டுரையில் எழுதுவதற்கென்றே 2017இல் கிரிப்2 என்ற சரிபார்ப்புப் பட்டியல் வெளியானது. அதைப் பின்பற்றினால் கூட்டாண்மையையும் மற்ற முறைகளைப் போலவே பிறர் மதிப்பிட முடியும்.

இது எங்காவது நீடித்து நடந்திருக்கிறதா?

தாய்லாந்து, மியன்மார் எல்லையில் இயங்கும் ஷோக்லோ மலேரியா ஆய்வுப் பிரிவு 1986இல், மியன்மாரிலிருந்து வந்த கரென் இன அகதிகளின் முகாம் ஒன்றில் தொடங்கியது. அப்பகுதியில் 2009இல் தாக் மாகாணச் சமூக அறநெறி ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. எல்லையோரத்தில் வாழும் சாதாரண மக்கள், ஆவணங்கள் இல்லாதவர்கள் உட்பட, அதில் உறுப்பினர்கள் ஆனார்கள். ஆய்வுத் திட்டங்கள் அவர்கள் முன் வைக்கப்பட்டன, ஒப்புதல் தாள்களை அவர்கள் படித்துக் கருத்துச் சொன்னார்கள்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் ராச்செஸ்டர் நகரில் 2004இல் தொடங்கிய கூட்டமைப்பு இன்னொரு எடுத்துக்காட்டு. குடியேறிகள் படிக்கும் வயதுவந்தோர் கல்வி மையத்தில் காசநோய் பற்றிய கவலையிலிருந்து பிறந்த அந்தக் கூட்டணி, பின்னர் சோமாலி, லத்தீன் அமெரிக்கச் சமூகத்தினர் தம் நீரிழிவு அனுபவங்களைத் தாமே சொல்லும் காணொளிகளை உருவாக்கி, அவற்றின் பலனைச் சோதனை முறையில் அளந்தது. இரண்டிலும் நாம் காண்பது காலத்தின் பங்கு. மூன்றாண்டுத் திட்டம் முடிந்ததும் கலைந்துபோகும் குழுவில் இது நடக்காது.

கருத்து வேறுபாடு வந்தால் யார் முடிவெடுப்பது?

இதை வேறுபாடு வருவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எவற்றில் சமூகத்தினரின் சொல்லே இறுதி, எவற்றில் சேர்ந்து முடிவு, எவற்றில் சட்டமோ நிதி விதியோ ஆய்வாளரைக் கட்டுப்படுத்துகிறது என்ற ஒரு பக்கத் தாள் போதும். அவர்களது ஆலோசனையை ஏற்க முடியாதபோது, ஏன் முடியவில்லை என்று அடுத்த கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

திரட்டிய தரவும் மாதிரிகளும் யாருக்குச் சொந்தம்? கட்டுரையில் பெயர் வருமா?

அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் பூர்வகுடியினர் 1990களில் நீரிழிவு ஆய்வுக்கென்று இரத்தம் தந்தார்கள். அவர்களுக்குத் தெரியாமல் அதே மாதிரிகள் மனச்சிதைவு, முன்னோரின் இடப்பெயர்வு ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டன. வழக்கு 2010இல் 7,00,000 டாலர் இழப்பீட்டோடும் மாதிரிகளைத் திருப்பித் தருவதோடும் சமரசத்தில் முடிந்தது. அவர்கள் அகதிகள் அல்லர். ஆயினும் அகதிகளோடு ஆய்வு செய்வோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய நிகழ்வு இது. ஒரு நோக்கத்திற்குத் தந்ததை வேறொன்றுக்குப் பயன்படுத்துவதற்கு முன் மீண்டும் கேட்க வேண்டும், யாரிடம் கேட்பது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கருத்திலும் எழுத்திலும் பங்களித்தவருக்கு ஆசிரியர் பெயரில் இடம் தர வேண்டும். சொந்தப் பெயரில் வெளியாவது அவருக்கோ ஊரில் உள்ள குடும்பத்திற்கோ ஆபத்து என்றால் குழுவின் பெயரில் வெளியிடலாம். அந்த முடிவு அவருடையது.

நான் அகதி. என்னைக் கூட்டாளியாக அழைத்திருக்கிறார்கள். சம்மதிப்பதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

இந்த ஆய்வுக்கு யார் பணம் தருகிறார்கள் என்று கேளுங்கள். எதையெல்லாம் மாற்ற எங்களுக்கு அதிகாரம் இருக்கிறது, எவை ஏற்கெனவே முடிவாகிவிட்டன என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். என் பெயரும் எண்ணும் எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், எனக்குத் தரும் பணம் என் வழக்கையோ உதவித்தொகையையோ பாதிக்குமா, அதை யாரிடம் விசாரித்தீர்கள் என்று கேளுங்கள். முடிவுகளை எங்கள் மக்களிடம் எந்த மொழியில், எப்போது கொண்டுவருவீர்கள் என்றும், இதற்கு முன் உங்களோடு வேலை செய்த எங்களைப் போன்ற ஒருவரிடம் நான் பேசலாமா என்றும் கேளுங்கள். யோசிக்க நேரம் வேண்டும் என்று சொல்லுங்கள். வழக்கறிஞர் இருந்தால் அவரிடம் காட்டுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.